ஓனர் 5,000 ஏற்றிவிட்டார், பேசாமல் வாங்கிவிடலாமா?

நீங்கள் எழுதியது சுருக்கமாக இதுதான்: மேடவாக்கத்தில் 2021 முதல் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறீர்கள். இத்தனை நாள் ஏற்றாத ஓனர் இப்போது 23,000 கேட்கிறார். பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டி முடித்த டூ பெட்ரூம் ஃப்ளாட் ஒன்று, 1,120 சதுர அடி, 84 லட்சம் சொல்கிறார்கள். சென்னையில் வாடகையும் விலையும் இப்படியே ஏறிக்கொண்டு போகுமா, கடன் வாங்கியாவது இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டு மூன்று தடவை படித்தபோது, விலை ஏறுமா என்பதைவிட, இப்போது விட்டால் பிறகு எட்டாமலே போய்விடுமோ என்ற பயம்தான் அதில் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நான் சிவில் இன்ஜினீயர். 22 வருடமாக வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுக்கிறேன். என் வேலை பெரும்பாலும் கிண்டிக்குத் தெற்கே, தாம்பரம், ஓஎம்ஆர் வரை. வடசென்னையைப் பற்றி இதே உறுதியோடு என்னால் பேச முடியாது. நீங்கள் கேட்கும் பகுதி எனக்குத் தெருத்தெருவாகத் தெரியும்.

முதலில் அந்த 5,000. 18,000 எங்கே, 23,000 எங்கே, ஒரே அடியாக 28 சதவீதம் என்று பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் நீங்கள் குடிவந்தது 2021-ல். அந்த வருடம் இந்தப் பகுதியில் டூலெட் போர்டுகள் மாதக்கணக்கில் தொங்கின. சோழிங்கநல்லூர், சிறுசேரி கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் சாமான்களோடு போய்விட்டார்கள். காலியாகக் கிடப்பதற்கு வந்த வாடகைக்கு விடலாம் என்று ஓனர்கள் விட்ட காலம் அது. அதாவது உங்கள் 18,000 ஒரு பள்ளத்தில் தொடங்கிய வாடகை. நான்கு வருடம் ஏற்றாமல் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், 23,000 என்பது வருடத்துக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒப்பந்தத்தில் வழக்கமாக எழுதும் வருடம் 5 சதவீதம் என்ற கணக்குப்படி ஏற்றியிருந்தாலே இன்று ஏறக்குறைய 21,900 கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஓனர் கேட்பது கூடுதல்தான், ஆனால் அக்கிரமம் இல்லை. முக்கியமாக, அடுத்த வருடமும் 28 சதவீதம் ஏறும் என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. சேர்ந்து கிடந்தது ஒரே நாளில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை நான் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். நங்கநல்லூரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை மதிப்பிடப் போயிருந்தேன். கீழ்த்தளமும் இரண்டாம் தளமும் ஒரே பிளான், ஒரே அளவு. இரண்டாம் தளத்தில் போன வருடம் வந்த இளம் தம்பதி 24,000 கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே 2013 முதல் குடியிருந்த வயதான தம்பதி 13,500. அந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து காட்டினார். மாதம் ஒரு வரி: தேதி, தொகை, ஓனர் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 500, ஒருமுறை மட்டும் 1,000 ஏறியிருந்தது. "நல்ல மனுசன், நாங்க தண்ணி மோட்டார்லேந்து எல்லாத்தையும் பாத்துக்கறோம், அதனால எதுவும் கேக்கறதில்ல" என்றார். இந்தக் கட்டடத்தின் வாடகை என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டு விளம்பரத் தளங்கள் சொல்வது 24,000. ஏனென்றால் காலியாகும் வீடு மட்டும்தான் அங்கே வரும். கீழ்த்தளம் எந்தக் கணக்கிலும் வராது. சென்னையில் வாடகை இத்தனை சதவீதம் ஏறிவிட்டது என்று நீங்கள் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படி ஓனர்கள் கேட்கும் வாடகையை வைத்து எழுதப்பட்டவை. கேட்ட வாடகையும் பேசி முடித்த வாடகையும் ஒன்றல்ல. பேசி முடித்த வாடகையும் ஊரில் குடியிருப்பவர்கள் மொத்தமாகக் கொடுக்கும் வாடகையும் ஒன்றல்ல.

அரசுக் கணக்கு இதற்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்கிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டு வாடகை சேர்கிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், நகர்ப்புறக் குறியீட்டில் வீட்டுவசதிக்கு மட்டும் 21.67 சதவீத எடை இருந்தது. அந்த வரிசைக்குத் தேர்ந்தெடுத்த சில வீடுகளின் வாடகையை 6 மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அதில் நங்கநல்லூர்க் கீழ்த்தளம் போன்ற பழைய குடித்தனங்களும் அரசுக் குடியிருப்புகளும் இருந்தன. அதனால் அது மெதுவாகத்தான் நகர்ந்தது. விளம்பரக் கணக்கு 20 சதவீதம் என்னும், அரசுக் கணக்கு ஒற்றை இலக்கம் என்னும். இரண்டுமே பொய் இல்லை. வீடு மாறப்போகிறவருக்கு முதலாவது பொருந்தும், மாறாமல் இருப்பவருக்கு இரண்டாவது பொருந்தும். உங்கள் கேள்விக்கு இரண்டும் வேண்டும். மாறினால் சந்தை வாடகையைச் சந்திப்பீர்கள், இருந்தால் ஓனரோடு உள்ள உறவும் பேச்சும்தான் உங்கள் வாடகையைத் தீர்மானிக்கும்.

வீட்டு விலைக்கும் இதே சிக்கல், இன்னும் பெரிய அளவில். ரிசர்வ் வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு பத்திரப் பதிவுத் தகவலிலிருந்து செய்யப்படுவது. நீண்ட காலம் 2010-11-ஐ அடிப்படையாக வைத்து, சென்னை உட்பட 10 நகரங்களுக்கு வந்தது. முறை சரியானதுதான். ஆனால் நம் ஊரில் பத்திரத்தில் ஏறும் தொகையை, பதிவுக்கென்று அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு பிடித்து இழுக்கும். அந்த மதிப்பு நடந்த பாதையைப் பாருங்கள். 2012-ல் பெரிய அளவில் உயர்த்தினார்கள். 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-ல் மறுபடி பழைய மதிப்புக்குக் கொண்டுவந்து, பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். அந்த உத்தரவை உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் ரத்து செய்தது. பிறகு 2024 ஜூலையில் முறைப்படி புதிய மதிப்பு வந்தது. இதற்கு நடுவில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட்டுகளுக்கு நிலத்தின் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை. அதற்கு முன் நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்துச் செய்வோம். சந்தையில் ஒரு ரூபாய்கூட மாறாதபோதும் பத்திரத்து எண் மாறக்கூடிய திருப்பங்கள் இவை. அதனால் ஒரு வருடத்துக் குறியீட்டை எடுத்துக்கொண்டு விலை பறக்கிறது, விழுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். பத்து வருடப் போக்கைப் பார்க்க அது உதவும்.

அந்தப் பத்து வருடப் போக்கில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை, இப்போது வீடு தேடும் இளைஞர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 2013-க்கும் 2020-க்கும் நடுவில் தென்சென்னைப் புறநகரில் ஃப்ளாட் விலை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றது. 2015 டிசம்பர் வெள்ளம். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்ற உயர்நீதிமன்ற உத்தரவு. அதே வருடம் நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017-ல், பில்டர்களின் திட்டங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் ஜிஎஸ்டியும். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மடிப்பாக்கத்தில் ஒரே ஃப்ளாட்டை 2014-ல் ஒருமுறையும், வேறு வங்கிக்குக் கடனை மாற்றியபோது 2019-ல் ஒருமுறையும் நானே மதிப்பிட்டேன். முதலில் 52 லட்சம், பிறகு 54 லட்சம். அதே ஐந்து வருடத்தில் அந்த வீட்டின் வாடகை 12,000-லிருந்து 16,000 ஆகியிருந்தது. அந்தக் குடும்பம் நஷ்டப்பட்டது என்று சொல்லவில்லை. அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படித்தார்கள். ஆனால் ஐந்து வருடம் வட்டி கட்டியதற்கு விலை உயர்வு கைகொடுக்கவில்லை என்பது அந்த அறிக்கையில் எழுதியிருக்கிறது.

வாடகையும் விலையும் இப்படித் தனித்தனியாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாடகை மாதச் சம்பளத்திலிருந்து போகும் பணம். கடன் வாங்கி யாரும் வருடக்கணக்கில் வாடகை கட்ட முடியாது. அதனால் அந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தைத் தாண்டி வாடகை நெடுநாள் ஓட முடியாது. வேலை வந்தால் ஏறும், வேலை போனால் இறங்கும். 2020-ல் இறங்கியது, 2022-ல் கம்பெனிகள் திரும்பக் கூப்பிட்டதும் ஏறியது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வாடகை வீடு தேடி வருவோர் கூடியதும் இதே கணக்குதான். வீட்டு விலையோ இருபது வருடத்துச் சம்பளத்தை இன்றே எடுத்துக் கொடுப்பது. நடுவில் வங்கி நிற்கிறது. மாதம் 40,000 ரூபாய் தவணை கட்ட முடிந்தவருக்கு, 20 வருடத்துக்கு, 9 சதவீத வட்டியில் ஏறக்குறைய 44.5 லட்சம் கடன் கிடைக்கும். 7 சதவீதத்தில் 51.5 லட்சம். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, ஆனால் அவர் கையில் 7 லட்சம் கூடுதலாக வந்துவிட்டது. அது நேராக விலையில் போய் உட்காரும். 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதத்தில் இருந்தது. பல வருடம் தூங்கிய சந்தை விழித்துக்கொண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. பிறகு 6.5 வரை ஏற்றினார்கள், 2025-ல் திரும்பக் குறைக்கத் தொடங்கினார்கள். வட்டி ஏறியபோது விலை இறங்கவில்லையே என்று கேட்பீர்கள். இங்கே யாரும் வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வைப்பதில்லை. விலை இறங்குவதற்குப் பதில் விற்பனை நின்றுபோகும், விலை அப்படியே தேங்கும். 2013-20-ல் பார்த்தது அதைத்தான்.

சரி, உங்கள் 84 லட்சத்துக்கு வருவோம். கடன் 65 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 19 லட்சம் உங்கள் கையிலிருந்து. கூட்டு மதிப்பு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிக்குள் இருக்கும் புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் கிட்டத்தட்ட 6 லட்சம். பணிநிறைவுச் சான்று வாங்கிய கட்டடம் என்றால் ஜிஎஸ்டி இல்லை. அதை மட்டும் சான்றைக் கையில் வாங்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆக உங்கள் சேமிப்பிலிருந்து 25 லட்சம். 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குத் தவணை மாதம் 54,400 ரூபாய் வரும். முதல் வருடத்தில் கட்டும் ஆறரை லட்சத்தில் 5.15 லட்சம் வட்டிக்கே போகும், அசலில் 1.4 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கழியும். அந்த 25 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் வருடம் 1.6 லட்சமாவது வந்திருக்கும். சொத்து வரி கொஞ்சம். மெயின்டனன்ஸைக் குடித்தனக்காரராக இருந்தாலும் நீங்கள்தான் கட்டுவீர்கள், அதை விட்டுவிடுவோம். மொத்தம் வருடத்துக்கு 6.85 லட்சம் திரும்பி வராத பணம். இப்போது கேட்கும் 23,000 வாடகையிலேயே இருந்தால் திரும்பி வராத பணம் 2.76 லட்சம். வித்தியாசம் 4 லட்சத்துக்குச் சற்று மேல். அது 84 லட்சத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். ஆகவே அந்த ஃப்ளாட் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால்தான் வாங்கியதும் வாடகைக்கு இருந்ததும் முதல் சில வருடங்களில் சமம். அதற்கு மேல் ஏறினால் லாபம். மடிப்பாக்கத்து ஃப்ளாட் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஏறியதே 4 சதவீதம்தான்.

இந்தக் கணக்கு வருடம் போகப்போக மாறும், அதையும் சொல்லிவிட வேண்டும். வாடகை ஏறிக்கொண்டே போகும், உங்கள் தவணை, வட்டி விகிதம் மாறாதவரை, அதே 54,400-ல் நிற்கும். பத்து வருடம் கழித்து அந்தத் தவணை உங்கள் சம்பளத்தில் சின்னத் தொகையாகத் தெரியும். அதனால்தான் எத்தனை வருடம் அங்கே இருப்பீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்குள் வேலை மாறி பெங்களூரோ ஹைதராபாதோ போக வாய்ப்பு இருந்தால், பதிவுச் செலவு 6 லட்சமும் முதல் வருடங்களின் வட்டியும் உங்களைக் கீழே இழுக்கும். பிள்ளை பள்ளி முடிக்கும்வரை இங்கேதான் என்றால் கணக்கு வாங்கும் பக்கம் மெல்லச் சாயும். வரி விஷயத்தில் ஒன்று மட்டும்: நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருந்தால் அது கிடையாது. பலர் அந்தக் கழிவை நம்பிக் கணக்குப் போடுகிறார்கள்.

அடுத்து, அந்த ஃப்ளாட்டில் எது ஏறும், எது இறங்கும் என்பது. நீங்கள் வாங்கும் 1,120 சதுர அடியில் நிலம் கிடையாது. நிலம் யுடிஎஸ் என்ற பிரிபடாத பங்கில் இருக்கிறது. காங்கிரீட் கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்று வைத்து, வருடத்துக்கு 1.5 சதவீதம் கட்டட மதிப்பைக் கழிப்பதுதான் நாங்கள் செய்யும் முறை. அதாவது கட்டடம் தேய்கிறது, ஏறுவது நிலம் மட்டுமே. 1990-களில் கட்டிய ஃப்ளாட்டில் 1,000 சதுர அடிக்கு 600-க்கும் மேல் யுடிஎஸ் கிடைத்ததுண்டு. 2019-ன் கட்டட விதிகளுக்குப் பிறகு தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலத்தின் அளவைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது, சாதாரணக் கட்டடங்களுக்கு 2, உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதே நிலத்தில் கூடுதல் வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்த நிலம். சதுர அடி 7,500 என்று சொல்கிறார்களே, அதைத் தள்ளிவைத்துவிட்டு, யுடிஎஸ் எத்தனை சதுர அடி, அந்தத் தெருவில் ஒரு கிரவுண்டு நிலம் இன்று என்ன விலை என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நிலத்தின் மதிப்பு மொத்த விலையில் பாதிக்கும் கீழே வந்தால் நான் யோசிப்பேன். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ரெரா பதிவில் அது கட்டாயம் இருக்கும். 1,120 என்று சொல்வது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்த்த அளவு. கால் வைத்து நடக்கும் இடம் 800 இருந்தாலே நல்லது.

மேடவாக்கம் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மிக்ஜாம் புயலுக்கு அடுத்த மாதம், 2024 ஜனவரியில், பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு தரைத்தள ஃப்ளாட் பார்க்கப் போனேன். புது பெயின்ட் வாசனை, தரை பளபளவென்று இருந்தது. ஹாலில் பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தன. மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே எல்லாம் ஓரடி உயரத்தில், வழக்கமான இடத்தில். கீழே பழைய பெட்டிகளை மூடிப் பூசிய சதுரங்கள், சுவரில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரிந்தன. 2015-லும் 2023-லும் தண்ணீர் புகுந்த தெருக்களை அங்கே இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் என்று மூன்று பேரைக் கேளுங்கள். இந்தத் தெருக்களில் தரைத்தள வாடகை மழைக்குப் பிறகு உடனே இறங்கும், ஒரு வருடத்தில் திரும்ப ஏறிவிடும். விலையோ அவ்வளவு சீக்கிரம் மறக்காது. உங்களுக்குப் பிறகு வாங்குபவரும் அதே கேள்வியைக் கேட்பார்.

புரோக்கர்கள் உங்களிடம் மெட்ரோவைப் பற்றிக் கட்டாயம் பேசியிருப்பார்கள். இரண்டாம் கட்டத்தின் மாதவரம் - சோழிங்கநல்லூர் பாதை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது, தூண்கள் எழும்பி நிற்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். ரயில் ஓடினால் வாடகை ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏனென்றால் குடியிருப்பவருக்கு அன்றிலிருந்து உண்மையான பயன். ஆனால் விலையில் அந்த ஏற்றத்தில் எவ்வளவு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்பது சந்தேகத்துக்குரியது. என் அனுபவத்தில் அறிவிப்பு வந்ததுமே பாதி ஏறிவிடும், வேலை நடக்கும் வருடங்களில் தூசியிலும் நெரிசலிலும் தேங்கும், திறந்த பிறகு மீதி வரும். காலம் தள்ளிப்போனால் அந்த மீதிக்குக் காத்திருப்பது நீங்கள்தான். வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் வெறும் 5 கிலோமீட்டர், 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக வருடக்கணக்கில் நின்றது. அதை நம்பி அன்றைக்கே கூடுதல் விலை கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி நிச்சயமில்லாதவை. அடுத்த ஐந்து வருடத்தில் ஓஎம்ஆர் வேலைவாய்ப்பு எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பகுதியின் வாடகையையும் விலையையும் முடிவு செய்யப்போகிறது, அதை எந்த மதிப்பீட்டாளராலும் சொல்ல முடியாது. வட்டி எங்கே போகும் என்பதும் அப்படித்தான். விலை ஏறுமா என்று கேட்டால், இருபது வருடக் கணக்கில் சென்னை நிலம் ஏறியே வந்திருக்கிறது, நடுவில் ஏழு வருடம் ஏறாமலும் இருந்திருக்கிறது என்பதுவரைதான் நான் பொறுப்போடு சொல்ல முடியும். எட்டாமல் போய்விடும் என்ற பயத்துக்கும் அதுவே பதில். இந்த ஊரில் வாங்கும் வாய்ப்பு ஒரே ஒரு வருடம் திறந்து மூடிவிடுவதில்லை. உங்கள் தவணை சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டும் என்றால், அல்லது அந்த 25 லட்சம்தான் உங்கள் மொத்தச் சேமிப்பு என்றால், இந்த வருடம் வாங்காதீர்கள். ஒருவருடைய வேலை போனாலும் ஆறு மாதம் தவணை கட்டும் பணம் தனியாக இருக்கட்டும். இவை இரண்டும் சரியாக இருந்து, பத்து வருடம் இருப்பீர்கள் என்றால், யுடிஎஸ்ஸையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு, விலையில் நாலைந்து லட்சம் பேசிக் குறைத்து, தாராளமாக வாங்குங்கள். கட்டி முடித்து விற்காமல் இருக்கும் வீட்டுக்கு பில்டரும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாங்குவதோ வேண்டாமோ, அந்த முடிவுக்குச் சில மாதம் ஆகும். அதுவரை ஓனரோடு பேச வேண்டும். முன்பு 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மதிப்பில் வருடம் 9 சதவீதம்தான் நியாய வாடகை என்று அது வகுத்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சில நூறு ரூபாய் வாடகையில் தலைமுறையாக இருந்தவர்களும், அதைப் பார்த்துப் பயந்து வீட்டைப் பூட்டியே வைத்தவர்களும் அந்தக் காலத்து ஆட்கள். 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். இப்போது வாடகை என்பது எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். உங்களிடம் 2021-ல் எழுதிய 11 மாத ஒப்பந்தம் மட்டும் இருந்தால், இந்தச் சமயத்தில் புதிதாக எழுதுங்கள், வருடத்துக்கு 5 சதவீதம் என்று ஏற்றத்தையும் சேர்த்து, முடிந்தால் மூன்று வருடத்துக்கு. 11 மாதத்துக்கு மேல் போனால் பதிவுச் செலவு கொஞ்சம் வரும், பரவாயில்லை, பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை. நடப்பில் வேறு மாதிரி எழுதிக்கொண்டு 5, 6 மாதம் வாங்குகிறார்கள், பழைய 10 மாத வழக்கமும் சில தெருக்களில் போகவில்லை. வாடகையை ஏற்றும்போது அட்வான்ஸையும் ஏற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 10 மாத அட்வான்ஸ் என்றால் 2.3 லட்சம் வட்டியில்லாமல் கிடக்கும், 7 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் கூடுதல் வாடகை கொடுப்பதற்குச் சமம்.

ஓனர் பக்கத்துக் கணக்கையும் தெரிந்துகொண்டு போங்கள். நீங்கள் காலி செய்தால் வீடு ஒன்றிலிருந்து இரண்டு மாதம் சும்மா இருக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும். ஒன்றரை மாதம் என்றாலே 34,500 ரூபாய் போய்விடும். நீங்கள் 21,500 தருகிறேன் என்றால் அவருக்குக் குறைவது மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. இந்த இரண்டு எண்ணையும் சண்டையாக இல்லாமல், மரியாதையாக, நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். போனில் வேண்டாம். நான்கு வருடம் தேதி தவறாமல் கொடுத்ததையும் சொல்லுங்கள், வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் அந்தப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். மே, ஜூனில் பள்ளி மாற்றத்துக்காக வீடு தேடுவோர் கூடும்போது ஓனர் கை ஓங்கியிருக்கும். அதற்கு முன்னால் பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.